ஆற்று மட்டியும் ஏரி மட்டியும்

பெருமாள் மணலில் ஓடிவருவதை எல்லம்மா சூளையடியிலிருந்தே பார்த்துவிட்டாள்.

வெயில் ஏறுவதற்குள் தீ வைத்துவிட வேண்டும் என்று விடிந்ததிலிருந்து அவள் சூளையை நிரப்பிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு உயரத்துக்கு மண்ணால் எழுப்பிய வட்டச் சூளை. ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கிளிஞ்சல், மறுபடி கரி. புருஷன் சுப்பராயன் சோளிங்கர் மலைக்கோயில் மண்டபத்துப் பூச்சு வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போய் நாலு நாளாகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தோராம் வருஷத்துச் சித்திரை. ஆம்பூரைத் தாண்டி மாதனூர் வரைக்கும் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. பாறை வளைவுக்குக் கீழே இரண்டு மடுவில் மட்டும் முழங்கால் தண்ணீர் மிச்சம். அதில் இறங்கிக் கால்விரலால் மணலைத் துழாவித்தான் எல்லம்மா மட்டி எடுப்பாள். சதையைத் தின்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். தின்ற பிறகு ஓட்டை அவளிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். ஓடு இருந்தால்தான் சூளை.

"எல்லம்மா! ஏ எல்லம்மா!"

எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவன். இன்று பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"இன்னாத்தக் குடுத்த நீ எனக்கு? இன்னா மட்டி அது?"

"இன்னாடா ஆச்சி?"

"பூவு வுழுந்து கெடக்குறா. கருக்கல்லேருந்து வாந்தி, கழிச்சல். தொண்ட எரியுது, வயிறு எரியுதுன்னு கத்துறா. கையும் காலும் இசுத்துக்குது. ராத்திரி உன் மட்டியத் தின்னதுதான். வேற ஒண்ணியும் தின்னல."

எல்லம்மாவின் கையிலிருந்த கூடை சரிந்தது. பெருமாள் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்காரன். அவன் பெண்டாட்டி பூவம்மாளுக்கு ஆறாம் மாசம். மூன்று நாளாகக் கேழ்வரகுக் கூழ்கூட உள்ளே தங்கவில்லை, மட்டிக் குழம்பு என்றால் தின்பேன் என்கிறாள் என்று நேற்று மத்தியானம் வந்து நின்றான். மடுவில் அன்றைக்குக் கிடைத்ததே இரண்டு கை. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டாள் என்று அத்தனையையும் அவன் துண்டில் கொட்டி, சும்மா கொண்டுபோ என்று சொல்லி அனுப்பினாள்.

"நா குடுத்தது உயிரோட இருந்த மட்டிடா. தொட்டா வாய மூடிச்சி. நீயே பாத்த இல்ல?"

அவன் திரும்பி நடந்தான். எல்லம்மா கரிக் கையை முந்தானையில் துடைத்தபடி பின்னாலேயே ஓடினாள். வழி நெடுக அவன் ஒருதரம்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலைக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஷாப்பின் பின்சுவரை ஒட்டி இருந்தன. பச்சைத் தோலின் வீச்சமும் ஊறின ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாடையும் அங்கே காற்றோடு கலந்தே கிடக்கும். பெருமாள் வீட்டு வாசலில் பத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லம்மாவைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டாள்.

உள்ளே பூவம்மாள் கோணிச் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கெண்டைக்கால் சதை முண்டு முண்டாக ஏறி இறங்கியது. எல்லம்மா உட்கார்ந்து காலைப் பிடித்து நீவினாள். பூவம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"இவளா அவ?"

வாசலை அடைத்துக்கொண்டு கோவிந்தசாமி நின்றான். பூவம்மாளின் அண்ணன். காட்டிலிருந்து ஷாப்புக்குப் பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரன். கையில் இன்னும் சாட்டை இருந்தது. அப்பன் ஆயி இல்லாமல் தங்கச்சியைத் தோளில் போட்டு வளர்த்தவன் என்று லைனில் எல்லாருக்கும் தெரியும்.

"எழுந்து வெளிய வாம்மா. அவ காலத் தொடாத."

"கால் இசுக்குதுப்பா. நீவி வுட்டா…"

"வான்னேன்."

எல்லம்மா எழுந்து வெளியே வந்தாள்.

"எந்தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சின்னு வச்சிக்கோ, உன்ன உன் சூளைலயே வச்சிக் கொளுத்திடுவேன். ஆம்பள ஊர்ல இல்லன்னுகூடப் பாக்கமாட்டேன்."

பெருமாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில்தான் ஹக்கீம் அப்துல் ஹமீத் குடையும் மருந்துப் பையுமாக வந்தார். ஆம்பூர்க் கடைத்தெருவில் வைத்தியம் பார்க்கிறவர். லைனில் யாராவது படுத்தால் அவர்தான் வருவார். நாடி பிடித்தார். இமையை விலக்கிப் பார்த்தார். வாந்தி எடுத்த சட்டியை மூக்கருகே கொண்டுபோனார். வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"ராத்திரி இன்னா சாப்டுச்சி?"

"மட்டி" என்று நாலைந்து குரல்கள்.

"எந்தத் தண்ணி மட்டி?"

"ஆத்துல எடுத்தது, சாயபு. பாற மடுவுல. என் கையால எடுத்தேன்" என்றாள் எல்லம்மா.

"இத பாரும்மா. மட்டி கெட்டுப்போயிருந்தா, பேதி நிக்க நான் சூரணம் குடுக்கலாம். சாயங்காலத்துக்குள்ள எழுந்துரும். ஆனா எனக்கு இது வேற மாதிரி தோணுது. தொண்ட எரியுதுங்குது, கால் இசுக்குது. ஆட்டுத் தோல்ல மயிர் எடுக்கறதுக்குச் சுண்ணாம்புல தாளகம் கலக்குறாங்க இல்ல, அது உள்ள போனா இப்படித்தான் இருக்கும். அது விஷம். விஷத்துக்குப் பேதிய நிறுத்துனா உள்ளயே தங்கிப்போவும். அப்புறம் ரெண்டு உயிரும் இல்ல. எதுன்னு தெரியாம நான் கை வெக்கமாட்டேன்."

"ஆத்து மட்டிக்குத் தாளகம் எப்படி வரும், சாயபு?" கோவிந்தசாமி சீறினான். "இவ அழுகினதக் குடுத்துட்டா. நீங்க சூரணத்தக் குடுங்க."

"எனக்கு ஓடு வோணும்" என்றாள் எல்லம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தின்ன மட்டியோட ஓடு. அத்தப் பாத்தா நாஞ் சொல்றேன். பெருமாளு, ஓடு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"எங்கியோ போட்டேன். நாய் கீய் இசுத்துக்கினு போயிருக்கும். ஓட்ட வச்சி இப்ப இன்னா பண்ணப் போற? அங்க உசுரு போவுது!"

எல்லம்மா அவனையே பார்த்தாள். எட்டு வருஷமாக இந்த லைனிலிருந்து ஒரு ஓடுகூடத் தவறாமல் அவளிடம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். அவள் ஓடிப்போகிறாளோ என்று கோவிந்தசாமியும் பின்னாலேயே வந்தான்.

சாம்பல் குழியில் மேலாக இருந்தது புதுச் சாம்பல். உள்ளே போனபோது, சாம்பல் வழித்த அடுப்பில் பூனை படுத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். பெண்டாட்டி விழுந்து கிடக்கிற வீட்டில் விடியற்காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டியது எதற்கு? மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் விரலில் ஓடு தட்டியது. ஒரு முறம் கொள்ளுகிற அளவு.

தான் கொடுத்தது இரண்டு கை. இது அதைப்போல மூன்று பங்கு இருந்தது.

முறத்தை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் உட்கார்ந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அலசினாள். பிறகு வகை வகையாகப் பிரிக்கத் தொடங்கினாள். தினமும் செய்கிற வேலை. எந்த ஓடு வெள்ளைச் சுண்ணாம்பாகும், எது பொரிந்து தூளாகும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட கை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டே போனாள். வலது பக்கக் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது.

பின்வரிசையில் நின்ற பெருமாள் மெல்ல முன்னால் வந்தான். அவன் கண் வலது பக்கக் குவியலில் இருந்தது. எல்லம்மா தலையைத் தூக்கினாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவ்வளவுதான். அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியது அவனுக்கும் விளங்கிவிட்டது.

"சொல்லும்மா, ஜல்தி" என்றார் ஹக்கீம்.

எல்லம்மா இடது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஆத்து மட்டி. குட்டையா, உருண்டையா, கனமா இருக்குது பாருங்க. மேல பச்சையும் மஞ்சளும். முதுகு மேட்டுல நகத்தால கீறுங்க. வளைஞ்சி வளைஞ்சி சுருக்கம் இருக்குதா? உள்ள பாருங்க, ரெண்டு ஓடும் சேர்ற எடத்துல மொண்டிப் பல்லு மாதிரி ரெண்டு. ஓடற தண்ணில உருண்டா தாங்கணும் இல்ல, அதுக்குத்தான் இந்தக் கனம், இந்தப் பல்லு. இது நாங் குடுத்தது."

வலது பக்கத்திலிருந்து இன்னொன்று.

"இது ஏரி மட்டி. உள்ளங்கை நீளம் கீது. மெல்லிசு. மேல கருப்பு, வழவழன்னு, ஒரு சுருக்கம் இல்ல. மொண்டிப் பல்லும் இல்ல, நூல் மாதிரி நீளமா ஒரு வரிதான். சேத்துல சும்மா படுத்துக்கெடக்குறதுக்கு இது போதும். இது ஆத்துல கெடைக்காது சாயபு. வருஷம் பூரா தேடினாலும் கெடைக்காது."

ஹக்கீம் இரண்டையும் வெயிலில் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தார்.

"ஏரில இருந்தா இன்னா? ஏரி மட்டியும் சனம் தின்னுதே?"

"தின்னுது. ஆனா இதோட முதுகு மேட்டப் பாருங்க. அரிச்சி, உள் வெள்ள தெரியுது. கோடு கோடா வளந்துக்கினு வருதா? வருஷத்துக்கு ஒண்ணு. இதுவரிக்கும் கோடு கெட்டி. இந்தக் கடைசி விளிம்பு மட்டும் பழுப்பேறி, அப்பளம் மாதிரி." கட்டைவிரலால் அழுத்தினாள். விளிம்பு பொடிந்து உதிர்ந்தது. "உள்ளயும் பளபளப்புச் செத்துப்போச்சி. தண்ணி கெட்டு ரொம்ப நாள் ஆவல. ஏரில எல்லா எடத்துலயும் இப்படி இல்ல. ஷாப்பு வாய்க்கால் ஒரு மாசமா வுழுதே, அந்த மேலண்ட மூலைலதான் இப்படி. அங்கிருந்து எடுத்த ஓட்டச் சுட்டா சுண்ணாம்பே பழுப்பா வருது. அதனாலதான் நா அங்க எறங்கறதே இல்ல."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. ஷாப்பு மேஸ்திரி, ஆற்றுப் பக்கத்து வாய்க்காலை மணல் மூடிவிட்டது என்று சுண்ணாம்புக் குழித் தண்ணீரை ஏரிக்குத் திருப்பியது எல்லோருக்கும் தெரியும். அந்த மூலையில் மாட்டைக்கூட இறக்கவேண்டாம் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பேசினால் வேலை போகும்.

"சூரணம் இல்ல" என்றார் ஹக்கீம். "பால் கொண்டாங்க. முட்ட வெள்ளக் கரு எத்தனை கெடைக்குதோ அத்தனை. குடிக்க வச்சி வாந்தி எடுக்க வெக்கணும். அப்புறம் பன்னெண்டு மணி ரயில்ல வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். இனிமே என் கைல இல்ல."

பெண்கள் ஓடினார்கள். கோவிந்தசாமி மட்டும் நகரவில்லை.

"அப்ப ஏரி மட்டிய இதுல கலந்தது யாரு?"

எல்லம்மா ஓடுகளை முறத்தில் வாரிப் போட்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன். நீ குடுத்த துண்டுல இது எப்படி வந்துச்சி? ஆத்துல மட்டி இல்லன்னு ஏரில எடுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இப்ப வித்த காட்றியா?"

அவள் பெருமாளைப் பார்த்தாள். நீ சொல். நீயே சொல்லிவிடு. அவன் உதடு அசைந்தது. சாட்டையைப் பிடித்திருந்த மச்சானின் கையை ஒருதரம் பார்த்தான். பிறகு குனிந்து, ஒருத்தி கொண்டுவந்து வைத்த பால் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சாட்டைக் காம்பு எல்லம்மாவின் தோளில் இறங்கியது. இரண்டாவது அடிக்குள் ஹக்கீம் குடையைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"மொதல்ல தங்கச்சியத் தூக்குப்பா! அடிக்கறதுக்கு நாளைக்கும் நாள் இருக்குது!"

கோவிந்தசாமி வண்டியிலிருந்த பட்டைக் கட்டுகளைத் தெருவிலேயே உருட்டித் தள்ளினான். பாலும் கருவும் குடித்து வாந்தி எடுத்து முடித்த பூவம்மாளை வைக்கோலில் கிடத்தி மாடுகளை விரட்டினான். ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியில் கூட ஏற ஒரு பொம்பளை வேண்டும். கூடவே ஓடிவந்திருந்த லைன் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். ஷாப்பு மணி அடித்தால் பட்டை இடிக்கப் போயாக வேண்டும். எல்லம்மா யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்து, பூவம்மாளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கோவிந்தசாமி முறைத்தான். ஆனால் இறக்கிவிடவில்லை. அவனும் பெருமாளும் பக்கத்துப் பெட்டியில் ஏறினார்கள்.

மாதனூர் தாண்டியதும் பூவம்மாள் முனகினாள்.

"அக்கா. அண்ணன் அடிச்சிட்டுதா?"

"பேசாத. கண்ண மூடிக்கோ."

"அவருதான் எடுத்தாந்தாரு. நீ குடுத்தது பத்தாதுன்னு வர்ற வழில ஏரில எறங்கிட்டாரு. பெருசு பெருசா கீது, வயிறு நெறைய தின்னுன்னாரு. அவரு ஒண்ணுகூடத் தின்னல. எல்லாம் எனக்கோசரம். கெட்ட தண்ணி மட்டிக்குள்ளயும் ஏறும்னு அவருக்குத் தோணல."

தலையை நீவிக்கொண்டிருந்த எல்லம்மாவின் கை நின்றுவிட்டது.

"உனக்குத் தெரியுமா? சாயபு எந்தத் தண்ணின்னு கேட்டப்ப நீ முழிச்சிக்கினுதான இருந்த?"

"முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

"செத்துப்போயிருப்பியேடி!"

"அண்ணனுக்குத் தெரிஞ்சா அவர வெட்டிப் போட்டுடும்க்கா. ஷாப்பு வாய்க்கால அந்தப் பக்கம் வெட்டி வுட்டதும் அவருதான். மேஸ்திரி வெட்டுன்னான், வெட்டினாரு. தெரிஞ்சே குடுத்தான்னு சொல்லுவாங்க. சொல்லாதக்கா. எந்தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

அந்தத் தலை அனலாகக் கொதித்தது. எல்லம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் அதை மடியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. தோள் வீங்கித் தெறித்தது. தன் உயிரையும் வயிற்றுப் பிள்ளையையும் பணயம் வைத்து வாயை மூடிக் கிடந்திருக்கிறாள், கூடவே எல்லம்மாவையும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"நா சொல்லல" என்றாள் கடைசியில். "என் வாயால சொல்லமாட்டேன்."

காட்பாடியில் இறங்கி ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது பூவம்மாளுக்கு நினைவு தப்பியிருந்தது. டாக்டரம்மாவிடம் எல்லம்மா ஏரி மூலையையும் தாளகத்தையும் சொன்னாள். ஹக்கீம் செய்ததையும் சொன்னாள். அந்தம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். மூன்று நாள் எல்லம்மா அந்த வராந்தாவிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. பூவம்மாள் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். கோவிந்தசாமி துணியில் சுற்றிய பிள்ளையை வாங்கிக்கொண்டு போனான்.

அவள் ஊர் திரும்பியபோது சூளை இல்லை. கோவிந்தசாமி கடப்பாரையால் நெம்பி, வட்டத்தை நாலாகப் பிளந்து ஆற்றில் உருட்டியிருந்தான். அடுக்கிய கிளிஞ்சல் மணலெல்லாம் சிதறிக் கிடந்தது. சோளிங்கரிலிருந்து வந்திருந்த சுப்பராயன் அதன் நடுவே உட்கார்ந்திருந்தான்.

"யாரு ஒடச்சாங்கன்னு ஊரே சொல்லுது. ஏன் ஒடச்சான்னு நீ சொல்லு. மணியக்காரர்கிட்ட போவலாம்."

"வோணாம்."

"நீ குடுத்த மட்டியா அது?"

"இல்ல."

"அப்ப யாரு குடுத்தது?"

அவள் சிதறிய ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சுப்பராயன் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, வைதுகொண்டே தானும் குனிந்து பொறுக்கினான்.

மறுநாள் காலையில் பெருமாள் வந்தான். தலையில் ஒரு கூடைக் களிமண். இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே மண்ணைக் கிளறித் தண்ணீர் ஊற்றப் போனான். நாலு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"கைய எடு" என்றாள் எல்லம்மா.

"நா கட்டித் தர்றேன்க்கா."

"ஒடச்சது யாரு?"

"மச்சான்."

"எதுக்கு ஒடச்சான்?"

அவன் மண்ணிலிருந்து கையை எடுத்தான்.

"உம் பொண்டாட்டிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், என் வாயால சொல்லமாட்டேன்னு. உன் வாய்க்கு நா சத்தியம் பண்ணல. போய் அவங்கிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் மண்ணத் தொடு."

"கொன்னுடும்க்கா."

"கொன்னா கொல்லட்டும். அதே சாட்டைல நா வாங்கினப்ப நீ பால் சொம்பத் தூக்கிக்கினு போன."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெருமாள் மண்கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஷாப்புப் பக்கம் நடந்தான். அவன் வரமாட்டான் என்றான் சுப்பராயன். எல்லம்மா, வெட்டினான் கொன்றான் என்று யாராவது ஓடிவருகிறார்களா என்று காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள். சோறு ஆக்கினாள், தின்னவில்லை. இரண்டு தடவை எழுந்து கரைமேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பொழுது சாயும்போது வந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மேலுதடு கிழிந்து, சட்டை முன்பக்கம் பூராவும் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து மணலில் நடந்தான்.

"சொன்னியா?"

தலையை ஆட்டினான்.

"முழுசும்?"

"முழுசும். வாய்க்கால் நா வெட்டினதும். சாம்பல்ல பொதச்சதும்."

"இன்னா சொன்னான்?"

"அடிச்சாரு. அப்புறம் அடிக்க முடியாம ஒக்காந்து அழுதாரு." அவன் கிழிந்த உதட்டைத் துடைத்தான். "அதுக்கு அடியே தேவலாம்க்கா."

சுப்பராயன் வாய் பிளந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லம்மா குடத்தைத் தூக்கிக் காய்ந்துபோன களிமண்ணில் தண்ணீர் ஊற்றினாள்.

"நல்ல கால வச்சி மிதி" என்றாள். "கட்டி இல்லாம மிதி."